தலைக்கொரு நிழல்

சுள்ளங்குளத்தில் நிழல் முன்பக்கமாக மட்டும் விழத் தொடங்கியது ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, அதுவும் சந்தை கூடி, மிளகாய் வற்றல் மூட்டைகளை இறக்கிப் போட்டு, எல்லோரும் அக்கடா என்று உட்கார எங்கேயாவது இடம் தேடுகிற நேரத்தில். டீக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப் பேர் மேல் சுள்ளென்று வெயில் விழுந்தது. தார்ப்பாய் கிழியவில்லை, காற்றில் விலகவில்லை, கட்டிய இடத்தில் கட்டியபடியே இருந்தது. ஆனால் அதன் நிழல், கல்லாவில் நின்ற கடைக்காரரின் காலடியில் தொடங்கி, அவருக்கு முன்னால் பாய் விரித்தாற்போல் விரிந்து கிடந்தது. அவருக்குப் பின்னால் ஒரு விரற்கடைகூட இல்லை. அவர் வடைச் சட்டியைப் பார்க்க இரண்டு எட்டுப் பின்னால் போனார், நிழலும் அவரோடு போனது. திரும்பி வந்தார், அதுவும் வந்தது.

"சூரியன் எங்க இருக்குன்னு பாருங்கப்பா" என்றார் ஒருவர்.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

"அப்பச் சரி" என்று சொல்லி, பெஞ்சைத் தூக்கிக் கடைக்காரருக்கு முன்னால் போட்டு, மிச்ச டீயைக் குடித்தார்கள்.

அந்த வாரத்துக்குள் ஊர் முழுக்க விஷயம் விளங்கிவிட்டது. எந்தத் துணியின் நிழலும் அந்தத் துணிக்கு உரியவரின் காலடியில் தொடங்கும். துணியின் நீள அகலத்துக்கு அவருக்கு முன்னால் விரியும். அவர் நடந்தால் கூடவே நடக்கும். அவருக்குப் பின்னால் நிற்பவருக்கு அதில் பங்கில்லை. குடைக்கும் இதே கதி, சேலை முந்தானைக்கும் இதே கதி, கொல்லை மரத்துக்கும் இதே கதி. இரவல் வாங்கித் திருப்பித் தராத தார்ப்பாய்கள்தான் முதலில் மானத்தை வாங்கின. பத்து வருஷமாக ஒருவர் வாசலில் கட்டியிருந்த தார்ப்பாயின் நிழல் விடுவிடுவென்று தெருவைத் தாண்டிப் போய் எதிர்வீட்டுக்காரர் காலடியில் படுத்துக்கொண்டது. எதிர்வீட்டுக்காரர் கயிற்றை அவிழ்க்க ஓர் ஏணியைக் கொடுத்தனுப்பினார். புறம்போக்கு மரங்களின் நிழல் மட்டும் பழையபடி சூரியனைக் கேட்டு விழுந்தது, சர்க்காருக்குக் காலடி கிடையாது என்பதால். அந்த மரங்களுக்கு அடியில் இடம் பிடிக்க விடியற்காலையிலேயே துண்டு போட்டார்கள். பகலில் உறங்கி எழுந்து ராத்திரி வேலைக்குப் போகிறவர்கள் ஊருக்கு ஓரிருவர் இருப்பார்களே, நிழலின் அருமை தெரிந்த அந்தப் பாவப்பட்ட ஜென்மங்கள்தான் கட்டிலைத் தூக்கிக்கொண்டு தங்களுக்கே முன்னால் தாங்கள் படுப்பது எப்படி என்று கொஞ்ச நாள் திண்டாடினார்கள்.

முன்னால் என்பது எது என்ற கேள்வி எங்கள் ஊரில் எழவில்லை. அது எப்போதோ தீர்ந்த கேள்வி. ஊரில் பெரிய தெரு இரண்டு. இரண்டும் ஒரே முக்கில் தொடங்குகின்றன. குளத்துத் தெரு அங்கிருந்து கிழக்கே போய்க் குளத்தங்கரையில் முடியும். சந்தைத் தெரு அதே முக்கிலிருந்து வடக்கே போய்ச் சந்தையில் முடியும். குளத்துத் தெருவில் குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவன் முந்தியவன், சந்தைத் தெருவில் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிறவன் முந்தியவன். முக்கில் இருப்பது உடைந்த சிமெண்டுக் குப்பைத்தொட்டி ஒன்றும் அதன் ஓரத்தில் படுத்திருக்கும் செவலை நாய் ஒன்றும்தான். அவைதான் இரண்டு தெருவுக்கும் கடைசி. ஆகவே குளத்துத் தெருவில் நிழல் குளத்தைப் பார்த்து விழுந்தது, சந்தைத் தெருவில் சந்தையைப் பார்த்து விழுந்தது. இதில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

தெருவில் ஒரு காரியம் என்றால் வீட்டுக்கு வீடு துணி கொண்டுவருவதும், பிறகு மடிப்பு நடப்பதும் எங்கள் ஊர் வழக்கம். எல்லாத் துணியையும் கட்டி முடித்த பிறகு தெரு நாட்டாமை அடியில் நடந்துபோய், "இது இல்லாட்டியும் நிழல் இருக்கா?" என்று பார்ப்பார். இருந்தால், "இத மடி" என்பார். மடித்துக்கொண்டே போய், இனி ஒன்றை எடுத்தாலும் ஒருத்தர் தலையில் வெயில் விழும் என்கிற இடத்தில் நிறுத்துவார். ஒரு தலையில் வெயில் பட்டாலும் தாலி ஏறாது, பந்தி நடக்காது, பாடை கிளம்பாது. நிழல் முன்பக்கமாக விழத் தொடங்கிய பிறகு மடிப்பு இன்னும் சுலபமாயிற்று. பின்னால் நிற்கிற நாலைந்து பேருடைய நிழலே அடுத்தடுத்து நீண்டு தெருவை மூடிவிடும். மற்றவர்கள் துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பின்னால் இருப்பவன் நிழலில் முன்னால் நிற்கிற சுகத்தோடு நிற்பார்கள். துணி மடிக்கப்பட்டவன் வீட்டில் அன்றைக்கு ஒரு கெத்து.

டவுன் காலேஜில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஞானசிகாமணி வாத்தியார் ஒருநாள் குளத்துத் தெரு மடிப்பைப் பார்த்துவிட்டு மிகவும் சந்தோஷப்பட்டார்.

"எத்தன துணியக் கொண்டாந்து எப்படிக் கட்டுனாலும், அதுக்குள்ளயே கொஞ்சத்த வச்சு முழுசையும் மூடிரலாம். இது நல்ல தெருவுக்கு லட்சணம்" என்றார்.

தங்கள் தெரு நல்ல தெரு என்று படித்தவரே சொல்லிவிட்டதாகக் குளத்துத் தெருக்காரர்கள் ஊரெல்லாம் சொன்னார்கள். சந்தைத் தெருக்காரர்கள் அவரை வீடு தேடிப் போய்ப் பிடித்து இழுத்துவந்து தங்கள் மடிப்பையும் காட்டினார்கள். அவர் அதற்கும் அதே சான்று கொடுத்தார்.

"அப்ப ரெண்டு தெருவையும் கணக்குல பெருக்குனா அதவிட நல்லதுன்னு சொல்லுங்க சார்" என்றார் அவர்களில் ஒருவர்.

"அங்கதான் இருக்கு விஷயம். தனித்தனியா இருக்கிற நல்ல குணம் பெருக்குனா இருக்கணும்னு சட்டம் கெடையாது. இப்ப ஒரு கோடு எடுத்துக்கிட்டீங்கன்னா..."

அவர் கோடு எடுப்பதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. முப்பது வருஷமாகக் கரும்பலகைக்கு முன்னால் அவருக்கு இது பழகிய காட்சிதான். கலைந்துபோகிற முதுகுகளைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தைத் தனக்குத்தானே சொல்லி முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

பெருக்கல் அந்த வைகாசியில் வந்தது, கல்யாண ரூபத்தில். குளத்துத் தெரு நாகஜோதி தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். சந்தைத் தெரு வேல்ராஜ் ஒரே ரேஷன் கார்டை மூன்று மாதம் தினமும் கொண்டுவந்து ஜெராக்ஸ் எடுத்தான். கடைசியில் அவள், "இதுக்கு மேல எடுத்தா அச்சு அழிஞ்சிரும், வீட்டுக்கு வந்து கேளுங்க" என்று சொல்லிவிட்டாள். இரண்டு தெருவுக்கும் நடுவில் அதுவரை சண்டை நடந்திருக்கிறது, மிளகாய் வியாபாரம் நடந்திருக்கிறது, கல்யாணம் நடந்ததில்லை.

பெண்ணின் அப்பா கருத்தப்பாண்டி குளத்தங்கரை ரைஸ் மில்காரர், குளத்துத் தெருவின் முதல் வீடு. மாப்பிள்ளையின் அம்மா சுப்புத்தாய் சந்தையில் வற்றல் கமிஷன் மண்டி நடத்துகிறவள், சந்தைத் தெருவின் முதல் வீடு. புருஷன் போன பிறகு மகனையும் மண்டியையும் ஒரே குரலில் அதட்டி வளர்த்தவள். இவர் தெருவில் கல்யாணம் என்றால் அவள் வரமாட்டாள், அவள் தெருவில் என்றால் இவர் வரமாட்டார். கடைசியில் இரண்டு தெருவுக்கும் இடையில், மடக்கிய முழங்கைக்குள் அகப்பட்டது மாதிரிக் கிடந்த பொட்டலில் வைப்பதென்று முடிவாயிற்று. மரமோ மட்டையோ இல்லாத அந்தப் பொட்டல் இரண்டு தெருவுக்கும் சொந்தம். அங்கே ஒரு மனிதன் எங்கே நிற்கிறான் என்று சொல்ல இரண்டு விலாசம் வேண்டும்: குளத்துத் தெருவில் எந்த வீட்டுக்கு நேராக, சந்தைத் தெருவில் எந்த வீட்டுக்கு நேராக. ஆகவே அங்கே நிழலும் இரண்டு பக்கமும் பார்த்து விழுந்தது. நிற்பவரின் காலடியை மூலையாக வைத்து, குளத்துப் பக்கமாகவும் சந்தைப் பக்கமாகவும் ஒரு சதுரமாக விரிந்தது.

நிச்சயதார்த்தத்தன்றே சண்டை வந்தது. குளத்துப் பக்கம் முந்தவும் வேண்டும், சந்தைப் பக்கம் முந்தவும் வேண்டும் என்று இரண்டு தெருவாரும் பொட்டலின் வடகிழக்கு மூலைக்கு நெருக்கியடித்துக்கொண்டு போனதில், தாம்பாளத் தட்டோடு ஏழெட்டுப் பேர் கருவேல முள்வேலிக்குள் விழுந்தார்கள். பழம் பொறுக்கினதும் முள் எடுத்ததுமாக அன்றைய பொழுது கழிந்தது. மறுநாள் இரண்டு நாட்டாமைகளும் உட்கார்ந்து ஒரு நியாயம் சொன்னார்கள்: குளத்துப் பக்கம் ஓர் எட்டு முந்துகிறவர் சந்தைப் பக்கம் ஓர் எட்டுப் பிந்த வேண்டும், சந்தைப் பக்கம் முந்துகிறவர் குளத்துப் பக்கம் பிந்த வேண்டும். அப்போது யாரும் யாருக்கும் பெரியவரில்லை, யாரும் யாருக்கும் சின்னவரில்லை. இந்த நியாயத்தைத் தரையில் போட்டுப் பார்த்தபோது, பொட்டலின் குளத்து மூலையிலிருந்து சந்தை மூலைக்குக் கோணலாக ஒரு சுண்ணாம்புக் கோடு விழுந்தது. எல்லோரும் அந்தக் கோட்டின் மேல் நிற்பது, மணவறை கோட்டின் நடுவில் இருப்பது. இரண்டு தெருவும் ஒப்புக்கொண்டன.

ஞானசிகாமணி வாத்தியார் கோட்டைப் பார்த்துச் சிரித்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயம்.

கல்யாணத்தன்று காலையில் சூரியன் எழும்போதே கோபமாக எழுந்தது. வீட்டுக்கு வீடு, ஆளுக்கொன்றாகத் துணி வந்தது. கருத்தப்பாண்டி மில்லில் நெல் காயப்போடுகிற தார்ப்பாயைக் கொண்டுவந்தார், பொட்டல் முழுவதையும் மூடுகிற அளவு. சுப்புத்தாய் வற்றல் காயப்போடுகிற தார்ப்பாயைக் கொண்டுவந்தாள், அவருடையதற்கு ஒரு முழம் கூட இருக்கும்படி முந்தினநாள் அளந்து ஒட்டுப்போட்டு. எல்லாம் கட்டியாயிற்று. அண்ணாந்து பார்த்தால் துணிக்கு மேல் துணியாக வானமே தெரியவில்லை. சனம் கோட்டின் மேல் வரிசையாக நின்றது. குளத்து ஓரத்தில் கருத்தப்பாண்டி, சந்தை ஓரத்தில் சுப்புத்தாய், நடுவில் மணவறை, மற்றவர்கள் இடையிடையே. அந்தக் கோட்டில் ஓர் அதிசயம், எந்த இரண்டு பேருக்கு நடுவிலும் இன்னொருவருக்கு இடம் இருந்தது. வெளியூர்ச் சொந்தங்கள் வந்துகொண்டே இருந்தார்கள், கோடும் வாங்கிக்கொண்டே இருந்தது.

குளத்துத் தெரு நாட்டாமை மடிப்பைத் தொடங்கினார். "இத மடி" என்று ஒரு துணியைக் காட்டினார். மடித்தார்கள். அந்தத் துணிக்காரர் தலையில் வெயில் விழுந்தது.

"சரி, இத விடு. அத மடி."

மடித்தார்கள். அந்த ஆள் தலையில் வெயில் விழுந்தது.

நாட்டாமை கோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தார். ஒருவருடைய துணியும் மடிகிறதாக இல்லை. ஒவ்வொருவர் நிழலும் அவரவர் காலடியில் தொடங்கி, குளத்தையும் சந்தையையும் பார்த்து ஆளில்லாத மண்ணில் ஜம்மென்று விரிந்து கிடந்தது. பக்கத்தில் ஒட்டி நிற்கிற ஆள் மேல் ஒரு நூல்கூடப் படவில்லை. அண்ணன் நிழல் தம்பிக்கு இல்லை, புருஷன் நிழல் பெண்டாட்டிக்கு இல்லை. கருத்தப்பாண்டியின் பொட்டலளவு நிழலில் இரண்டு காக்கையும் ஒரு பிளாஸ்டிக் சேரும் இருந்தன.

"சார், என்ன சார் இது" என்று நாட்டாமை வாத்தியாரிடம் வந்தார்.

"ஒருத்தன் நிழல் இன்னொருத்தனுக்கு வேணும்னா, அவன் ரெண்டு பக்கத்துலயும் இவனுக்குப் பின்னால நிக்கணும். நீங்கதான் யாரும் யாருக்கும் பின்னால இல்லன்னு கோடு போட்டுட்டீங்களே. இந்தக் கோட்டுல ஒரு துணியக் கொறைக்க முடியாது." வாத்தியாரின் கண்ணில் நீர் கட்டியிருந்தது. "இதத்தான்யா நான் முப்பது வருஷம் போர்டுல போட்டேன். ஒரு பய நம்பல."

"தீர்வச் சொல்லுங்க சார்."

"தீர்வு இல்லைங்கிறதுதான் தேற்றமே."

போகட்டும், தலைக்கொரு துணி இருக்கிறதே, மடிப்பு ஒருநாள் நடக்காவிட்டால் குடிமுழுகிப் போகாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மேளக்காரர் தவிலைத் தட்டிப் பார்த்தார். மணப்பெண்ணைக் கூட்டிவந்து கோட்டில் நிறுத்தினார்கள்.

நாகஜோதியின் உச்சந்தலையில் வெயில் விழுந்தது.

கல்யாணப் பெண்ணுக்கு அன்று ஒருநாள் துணி கிடையாது. காலையில் தன் துணியை அப்பா கையில் கொடுத்துவிட்டு வருவாள், தாலி ஏறிய பிறகு புருஷன் வீட்டுத் துணி அவளுக்கு வரும். நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அப்பா நிழல் காபந்து. இத்தனை காலம் தெருவில் அது தானாக நடந்தது, அதை யாரும் ஒரு வழக்கம் என்றுகூட நினைத்ததில்லை. இப்போது அப்பா கோட்டின் ஒரு கோடியில் நின்றார். அவர் நிழல் அவருக்கு முன்னால் இரண்டு காக்கைகளுக்கு மேல் கிடந்தது.

வேல்ராஜ் அவளை ஒட்டி நின்றான். இன்னும் ஒட்டினான். தோளோடு தோள் உரசினான். அவன் நிழல் அவளை எட்டவில்லை.

"மாப்ள, அதெல்லாம் தாலிக்கு அப்புறம்" என்று யாரோ சொன்னார்கள்.

"குடை கொடுங்கப்பா பிள்ளைக்கு."

கொடுத்துப் பார்த்தார்கள். குடை அவள் கையில் இருந்தது, நிழல் குடைக்காரன் காலடிக்குப் போய்விட்டது. குடையையே அவளுக்குச் சொந்தமாகக் கொடுத்துவிடலாம் என்றால், தன் கல்யாணத்துக்குத் தானே துணி கொண்டுவந்தவள் என்று காலத்துக்கும் பெயர் நிற்கும் என்றார்கள் குளத்துத் தெருப் பெண்கள்.

"பொண்ண ரெண்டு எட்டு முன்னால நிறுத்துங்க, எங்க நிழல் எல்லாமே அவ மேல விழும்" என்றார் ஒருவர்.

"நிறுத்துவீக" என்றாள் சுப்புத்தாய். "வீட்டுக்குள்ள வரதுக்கு முன்னயே மாமியாளுக்கு முன்னால நிக்கணுமோ மருமக? ரெண்டு பக்கமும்?"

"அவ சொல்றதும் நியாயந்தான்" என்றார் சந்தைத் தெரு நாட்டாமை. கோடு போட்டவர்களில் அவர் ஒருவர்.

ராகுகாலம் பிறக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அன்று விட்டால் ஆனியிலும் ஆடியிலும் நாள் இல்லை. அதைவிட, இன்றைக்கு நின்றால் நின்றதுதான் என்று கருத்தப்பாண்டியும் சுப்புத்தாயும் காலையிலேயே ஆளுக்கொரு தரம் சொல்லியாயிற்று, இருவரும் சொன்ன சொல்லை எடுக்கிற ரகமில்லை. நாகஜோதி பட்டுச் சேலையில் வேர்த்து நின்றாள். நெற்றியில் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்தது. அலங்காரம் செய்துவிட்டவள் ஒரு விசிறியோடு சுற்றிச் சுற்றி வந்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தாய்மாமன் சடையாண்டிக்குப் பீடி குடிக்க வேண்டும் போல் இருந்தது. அவர் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றவர். மணவறை அருகில் புகைக்கக் கூடாதே என்று மரியாதையாகக் கோட்டைவிட்டு இறங்கி, நேராகப் பின்னால் முக்குப் பக்கம் நடந்து, குப்பைத்தொட்டிக்குக் கொஞ்சம் முன்னால் நின்று பற்றவைத்தார். பற்றவைத்துப் புகையை விட்டபோது எதிரே மொத்தக் கூட்டமும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தார்.

நாகஜோதி நிழலில் நின்றாள். அவள் மட்டுமில்லை, வேல்ராஜ், விசிறிக்காரி, பக்கத்தில் நாலு பேர், எல்லோரும் சடையாண்டி வேட்டி வேட்டியாக மூட்டித் தைத்துக் கொண்டுவந்த பெரிய துணியின் நிழலில் நின்றார்கள்.

"கோட்ட விட்டு எறங்கினா வேற கணக்கு" என்றார் வாத்தியார், கொஞ்சம் வருத்தத்தோடு.

"சடையாண்டி மாமா, அப்படியே நில்லுங்க" என்று கத்தினார்கள். "அசையாதீக. மேளம் மேளம்."

சடையாண்டி பீடியைத் தரையில் போட்டு மிதித்தார். விடுவிடுவென்று வந்து கோட்டில் ஏறித் தன் இடத்தில் நின்றார். நாகஜோதி தலையில் மறுபடி வெயில்.

"என்ன மாமா இது."

"பீடி குடிக்கப் போறது வேற, நிக்கப் போறது வேற" என்றார் சடையாண்டி. "தாய்மாமன் ஊர் முச்சூடுக்கும் பின்னால, குப்பைத்தொட்டிகிட்ட, நாய்க்குச் சோடியா நின்னான்னு நாளைக்கு என் வீட்டு வாசல்ல வந்து சிரிப்பீக. அங்க நிக்க வேற ஆளப் பாருங்க."

வேறு ஆளைப் பார்த்தார்கள். ஆளுக்காள் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். பந்தி பரிமாற வந்தவர்களைக் கேட்டார்கள், அவர்களும் ஏதோ ஒரு தெருவில் ஏதோ ஒருவருக்கு முந்தியவர்களாகத்தான் இருந்தார்கள். இப்படி ஓர் ஊரே வரிசையாக நின்று, தீர்வு கண்ணுக்கு எதிரே குப்பைத்தொட்டி ஓரத்தில் கிடப்பது தெரிந்தும், யார் போய் எடுப்பது என்று நின்றது.

நாகஜோதி கோட்டின் கோடியைப் பார்த்து, "அப்பா, பரவால்லப்பா. நான் நின்னுக்குவேன்" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. இருந்தாலும் அவர் காதில் விழுந்தது.

நின்றுகொள்வாள் என்பது கருத்தப்பாண்டிக்குத் தெரியும். தாலுகா ஆபீஸ் வாசலில் அவள் கடை போட்ட முதல் வருஷம் கூரையே இல்லை. மெஷின் மேல் துணியைப் போர்த்திவிட்டு இவள் வெயிலில் நின்றாள் என்று யாரோ வந்து சொன்னார்கள்; இவர் மில்லை விட்டுப் போய்ப் பார்க்கவில்லை. குளத்தங்கரைக்காரர் பஸ் ஏற முக்கு வரைக்கும் நடந்து போவதாவது என்று இருந்துவிட்டார். அவள் நின்றுகொண்டது இவருக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது. இப்போது பார்த்தால், அவள் கன்னத்தில் மை இறங்கியிருந்தது.

அவர் கோட்டைவிட்டு இறங்கினார்.

இறங்கி, தன் தெரு ஓரமாகவே மேற்கே நடந்தார். அவர் நடந்தது அவருடைய ஆட்களுக்குப் பின்னால். முதலில் சித்தப்பா வீட்டாருக்குப் பின்னால் கடந்தார், அவர்கள் மேல் நிழல் ஏறியது. பங்காளிகளுக்குப் பின்னால் கடந்தார், அவர்கள் மேல் ஏறியது. ஒரு காலத்தில் தன் மில்லில் மூட்டை தூக்கியவருக்குப் பின்னால் கடந்தபோது அந்த ஆள் பதறித் திரும்பி, "மொதலாளி, நீங்க எதுக்கு" என்றார். "முன்னால பாத்து நில்லுடே" என்றார் கருத்தப்பாண்டி. ஒவ்வொரு வீட்டாரும் குளிர்ந்து திரும்பிப் பார்க்க, அவர் யாரையும் பார்க்காமல், கல்யாண வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாத காலோடு சுடுமண்ணில் நடந்து மகளுக்குப் பின்னால் வந்து நின்றார். அந்த மாபெரும் நெல் தார்ப்பாயின் நிழல் நாகஜோதியின் தலையில் இறங்கி, கழுத்தில் இறங்கி, பட்டுக்கரை வரை இறங்கியது. அவள் தோள் இரண்டும் லேசாகத் தாழ்ந்ததை அவர் பின்னாலிருந்து பார்த்தார்.

மேளக்காரர் கையை ஓங்கினார்.

"நிறுத்தும்" என்றாள் சுப்புத்தாய்.

அவள் கோட்டின் மறுகோடியில் இடுப்பில் கைவைத்து நின்றாள். "பொண்ணப் பெத்தவர் பின்னால போயி நிக்கிறாரு. பையனப் பெத்தவ முன்னால நின்னு வேடிக்க பாத்தான்னு ஊரு சொல்லட்டும்னா, அண்ணாச்சி?"

"நான் எம்பிள்ளைக்கு நிக்கேன். ஒம்ம யாரு கேட்டா?"

"ஒருத்தர் கேட்டுத்தான் நான் எதையும் செய்தேனாக்கும்."

அவளும் இறங்கினாள். சந்தைத் தெரு ஓரமாகத் தெற்கே நடந்தாள். தன் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால் கடந்து, அவர்கள் மேல் வற்றல் தார்ப்பாயின் நெடி கலந்த நிழலை ஏற்றி, மகனுக்குப் பின்னால் வந்து நின்றாள். வேல்ராஜ் தும்மினான். அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் கருத்தப்பாண்டியின் நிழல் பெண்ணோடு நிற்க, தன் நிழல் பையனோடு நிற்கிறதே என்று பார்த்தாள். இன்னும் நாலு எட்டுப் பின்னால் போனாள். அவள் நிழல் வேல்ராஜையும் நாகஜோதியையும் சேர்த்து மூடியது.

"என் மகளுக்கு என் நிழல் இருக்கு தாயி."

"என் மருமகளுக்கு என் நிழல் இருக்கும் அண்ணாச்சி."

அவர் ஐந்து எட்டுப் பின்னால் போனார், மாப்பிள்ளை அவர் நிழலுக்குள் வந்தான். அவள் ஆறு போனாள். இப்படி இருவரும் திரும்பிப் பார்க்காமல், ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே பின்னால் பின்னால் போய், ஒரே நேரத்தில் குப்பைத்தொட்டியில் முட்டி நின்றார்கள். செவலை நாய் எழுந்து இடம் விட்டது. இப்போது பொட்டல் முழுக்க, கோட்டின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை, ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு நிழல் கிடந்தது.

நாட்டாமைக்குக் கை துறுதுறுத்தது. "இத மடி" என்றார். மடித்தார்கள், வெயில் விழவில்லை. "அத மடி. அதையும் மடி. அந்தா சடையாண்டி துணிய மடி." சடபுடவென்று துணிகள் இறங்கின, வானம் தெரிந்தது. மடித்த துணியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஊரே முன்னால் நின்றது. கடைசியில் இரண்டு தார்ப்பாய் மிச்சம். ஒன்றே போதும்.

"எத மடிக்க?" என்றார் நாட்டாமை.

"அவரோடத மடிங்க" என்றாள் சுப்புத்தாய்.

"அந்தம்மாவோடத மடி" என்றார் கருத்தப்பாண்டி.

எங்கள் ஊரில் தன் துணியை மடிக்க வேண்டாம் என்று யாரும் சண்டை போட்டது அதுவரை இல்லை. நாட்டாமைகள் இருவரும் ஓடினார்கள். பங்காளிகள் ஓடினார்கள். நியாயம் சொல்லவும் விலக்கவும் ஏற்றிவிடவுமாக மொத்தக் கூட்டமும் கோட்டைவிட்டு இறங்கிக் குப்பைத்தொட்டியைச் சுற்றிக் கூடியது. "நீங்க முன்னால போங்க." "நீரு போம்." "நான் எதுக்குப் போகணும், எனக்குத்தான் இங்க வேல இருக்கு." வாத்தியார் மட்டும் கோட்டிலேயே நின்று, ஒன்று போதுமானாலும் இரண்டு இருந்தால் பாதகமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார், யாருக்கும் இல்லாமல்.

"ராகுகாலம் பொறக்கப் போகுது" என்றாள் நாகஜோதி.

வேல்ராஜ் சுற்றும் முற்றும் பார்த்தான். ஐயர் மந்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டுச் சண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "கட்டவா?" என்றான்.

"அதுக்குத்தான வந்தோம்."

கட்டினான். மேளக்காரருக்கு அது தெரியவே கொஞ்ச நேரமாயிற்று. கல்யாண போட்டோவில் இன்றைக்கும் பார்க்கலாம். இரட்டை நிழல் அத்தனை இருட்டாக இருந்ததால் போட்டோக்காரர் முற்பகலில் பிளாஷ் போட்டு எடுத்திருக்கிறார். முன்னால் இரண்டு முகம், ஒன்று சிரித்துக்கொண்டு, இன்னொன்று தும்மப்போகிற மாதிரி. பின்னால், தூரத்தில், ஓர் ஊரின் முதுகு.

ஆடிக் காற்று அடிக்கத் தொடங்கிய பிறகு நிழல் பழையபடி ஆகிவிட்டது. எந்த நாளில் ஆனது என்று யாருக்கும் தெரியாது, அதற்குள் ஒருவருக்கொருவர் பின்னால் போய் நிற்பது பழகியிருந்ததால் எல்லோருக்கும் அது தாமதமாகத்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் சிலருக்குக் கால் பழக்கம் விடவில்லை. காலையில் நாகஜோதி ஜெராக்ஸ் கடைக்குப் போக முக்கில் பஸ்ஸுக்கு நிற்பாள். கருத்தப்பாண்டி மில்லிலிருந்து தெருவின் முழு நீளத்துக்கும் நடந்து வந்து, அவளுக்குப் பின்னால் நிற்பார்.

"அண்ணாச்சி, நிழலுதான் பழையபடி ஆயிருச்சே. இன்னும் எதுக்குப் பின்னால நிக்கீரு?" என்று குரல் வரும்.

"சும்மாதான் தாயி. நீரு எதுக்கு வந்தீரு?"

"நானும் சும்மாதான்."

அவள் அவருக்கும் ஓர் எட்டுப் பின்னால் நிற்பாள். அவர் திரும்பிப் பார்த்து இரண்டு எட்டுப் பின்னால் வருவார். காலை வெயில் குளத்துப் பக்கமிருந்து நேரே முகத்தில் அடிக்கும், மூன்று பேருக்கும் கண் கூசும். இரண்டு பெரிய நிழலும் அவர்களுக்குப் பின்னால், குப்பைத்தொட்டி ஓரத்தில் நீளமாக விழுந்து கிடக்கும். செவலை நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்து படுத்துக்கொள்ளும்.